புல்வெட்டும் மெசினும் நம் கண்களும்

(தோட்டப் பிரட்டுக்களத்தில் நடந்த பாதுகாப்புக் கூட்டத்தில், பல வருடங்கள் மலையில் மெசின் பிடித்த ஒரு தொழிலாளி ஆற்றிய உரை. அவர் பேசியபடியே தருகிறோம்.)



என்னைப் பேசச் சொன்னபோது, "எனக்கு மெசின் பிடிக்கத்தான் தெரியும், மைக் பிடிக்கத் தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்த மேசை மேல் வைத்திருக்கிறோமே, புல்வெட்டும் மெசின், இதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாத மலை இந்தப் பக்கத்தில் இல்லை. இதனால் எங்கள் குடும்பத்துக்கு நாலு காசு வந்தது. இதனாலேயே எங்கள் குடும்பத்தில் ஒரு கண்ணும் போனது. இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அம்மா காலத்தில் புல்லுக்குச் சுரண்டிதான். சுரண்டி புல்லை மட்டும் எடுக்காது, மேல் மண்ணையும் சேர்த்து வழித்துவிடும். அடுத்த மழைக்கு அந்த மண் கானில் இறங்கி, கானிலிருந்து ஆற்றுக்குப் போய்விடும். பழைய மலைகளில் தேயிலைத் தூர் மண்ணுக்கு மேலே பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு மருந்து வந்தது. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு அடித்தோம். 2015ஆம் ஆண்டில் அரசாங்கம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். இந்த இழுபறிக்குள் நம் மலையெல்லாம் இடுப்பளவுக்குக் காடானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழுந்துக்குப் போனால் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்துகொண்டே நிரைக்குள் இறங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் மெசின்கள் தோட்டம் தோட்டமாக வந்து சேர்ந்தன.

மெசின் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. மருந்து போல இது மூக்குக்குள் போகாது, குடிதண்ணீர்ப் பீலிக்குள் போகாது. சுரண்டி போல மண்ணைப் பெயர்க்காது. புல்லை மேலாக வெட்டி வேரை விட்டுவிடுவதால் அந்த வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, வெட்டிய புல்லும் அங்கேயே கிடந்து மண்ணுக்குப் போர்வையாகிறது. இவ்வளவு நல்ல சாமான் எப்படி ஒரு மனுசியின் கண்ணை எடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது எப்படிப் புல்லை வெட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இதோ பாருங்கள், இதுதான் நூல். நைலோன் நூல். மீன் பிடிக்கிற தங்கூசியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். விரலில் சுற்றலாம், பல்லால் கடிக்கலாம். "இந்தச் சவுத்த நூலா புல்லை வெட்டுது?" என்று என் பெண்சாதி கேட்டாள். வெட்டுவது நூல் இல்லை, வேகம்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பாலஸ் என்பவர். இயந்திரப் பொறியியலாளர் என்று நினைத்துவிடாதீர்கள், நடனப் பள்ளி நடத்தியவர். 1971ஆம் ஆண்டில் ஒரு நாள் காரைக் கழுவக் கொண்டுபோனார். அங்கே பெரிய உருளைத் தூரிகைகள் சுழன்று காரைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றால் தொங்கும் நார், சுழன்றால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வந்து, சோளப்பொரி வந்த ஒரு தகரப் பேணியில் துளை போட்டு, மீன்பிடி நூலைக் கோத்து, ஒரு மோட்டாரில் மாட்டிச் சுற்றினார். மரத்தடிப் புல் வெட்டுப்பட்டது. அந்தத் தகரப் பேணியின் பேரப்பிள்ளைதான் இந்த மேசையில் கிடக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். கணக்கென்றதும் எழும்பிப் போய்விடாதீர்கள், பேர் போடுகிற கணக்கைவிட இது லேசு. மெசினின் தலை நிமிடத்துக்கு 6,000 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மெசின்கள் அதற்கு மேலும் சுற்றும். அப்படியானால் ஒரு விநாடிக்கு 100 சுற்று. "ஒன்று" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நூறு சுற்று. நூலின் நுனி நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், ஒரு சுற்றுக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் மீற்றர் ஓடுகிறது. விநாடிக்கு 125 மீற்றர். மணிக் கணக்கில் சொன்னால் 450 கிலோமீற்றர். நம்முடைய பதுளை ரெயிலை நினைத்துப் பாருங்கள். அது நானுஓயாவில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் இந்த நூல் நுனி யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

அந்த வேகத்தில் வந்து அடிக்கும்போது புல்லுக்கு வளைந்து கொடுக்க நேரமில்லை. நின்ற இடத்திலேயே அறுந்து விழுகிறது. நுனியில்தான் வேகம் அதிகம். அதனால் நுனியால் மட்டும்தான் வெட்ட வேண்டும். தலையைப் புல்லுக்குள் புதைத்து அழுத்தினால் நூல் சுற்றிக்கொள்ளும், எஞ்சின் முக்கும், வேலை நடக்காது. புது ஆட்கள் எல்லோரும் செய்கிற பிழை இது. பலம் கொடுத்தால் நல்லா வெட்டும் என்று நினைக்கிறார்கள்.

சரி, புல்லுக்குள் ஒரு கல் கிடந்தால்? கல் அறுபடாது. அந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பறக்கும். நாம் சின்ன வயதில் கெட்டபோலால் மாங்காய் அடித்தோமே, அதில் கல் எங்கே போகும் என்று அடிக்கிறவனுக்குத் தெரியும். மெசினில் அடிபடும் கல் எங்கே போகும் என்று பிடித்திருப்பவனுக்குத் தெரியாது. அடித்தது கூடச் சில நேரம் தெரியாது.

எனக்குத் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டு. நான் அப்போது வேலை செய்த தோட்டத்தின் பெயர் வேண்டாம். மெசின் வந்து ஒரு மாதம்தான். யாரோ ஒருவர் வந்து காலைப் பிரட்டு நேரத்தில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டுப் போனார், அதுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. கண்ணாடி ஒன்று தந்தார்கள். காலையில் மூடுபனிக்குள் போட்டால் பத்தே நிமிடத்தில் ஆவி பிடித்துவிடும், ஒன்றும் தெரியாது. கழட்டி நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்வேன். பிறகு இந்தக் காப்புத் தகடு. தலைக்கு மேலே, நம் காலுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கிறதே, இதுதான். ஈரப் புல் இதற்குள் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி நிறுத்தித் துப்புரவாக்க வேண்டும். இதன் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, நூல் அளவுக்கு மேல் நீண்டால் அது வெட்டிவிடும். தகட்டைக் கழட்டிவிட்டால் நூலை நீளமாக விடலாம், ஒரே வீச்சில் நிறையப் புல் விழும், மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு இறங்கலாம். யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கழட்டினேன். கழட்டி ஸ்டோருக்குப் பின்னால் வீசினேன்.

அன்றைக்கு நான் கீழ்க் கானோரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே எட்டு நிரைக்கு அப்பால் பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். அதில் என் தம்பி பெண்சாதி இருந்தாள். தேநீர் நேரத்துக்கு மெசினை நிறுத்தினேன். நிறுத்தின பிறகுதான் மேலே சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கூடையோடு குந்தியிருக்கிறாள். "என்னமோ பூச்சி அடிச்சிருச்சி மாமா" என்றாள். கையை எடுத்துப் பார்த்தோம். இரத்தம் இல்லை. கண் பெரிதாகச் சிவக்கவும் இல்லை. கருவிழியில் ஒரு கடுகளவு புள்ளி. பூச்சிதான் என்று நானும் நினைத்தேன்.

கங்காணி கண்ணைக் கழுவிவிடச் சொன்னார். கழுவினோம். லயத்துக்கு வந்ததும் பக்கத்துக் காம்பிராவில் கைக்குழந்தைக்காரி இருந்தாள், தாய்ப்பால் விட்டால் குளிர்ச்சி என்று இரண்டு சொட்டு விட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாம் பாசத்தில் செய்ததுதான். இரவு வலி தாங்காமல் கத்தினாள். விடிந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கண்ணுக்குள்ளே ஒரு கல் துணுக்கு இறங்கியிருக்கிறது, கிருமியும் ஏறிவிட்டது என்றார்கள். நேற்றே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கண்ணில் இன்றைக்கு வெளிச்சம் இல்லை. ஒரு கண்ணோடு கொழுந்து எடுக்கிறாள். சரிவில் இறங்கும்போது பள்ளத்தின் ஆழம் தெரியாமல் தடுமாறுகிறாள். இன்றும் என்னை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள், ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

(பேச்சாளர் இங்கே சற்று நேரம் நிறுத்தினார்.)

மன்னிக்க வேணும். இந்தக் கூட்டத்துக்கு வரலாமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். "போய்ச் சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள்.

மெசின் பிடிக்கிறவன் கண்ணாடி போடலாம், தடித்த காற்சட்டை போடலாம், சப்பாத்து போடலாம். எட்டு நிரைக்கு அப்பால் நிற்கிற பெண்ணுக்கு எது இருக்கிறது? தலையில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு படங்கு. அவள் மெசினைப் பார்க்கக்கூட இல்லை, கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெசினோடு வருகிற புத்தகத்தில் ஒரு படம் போட்டிருக்கும். ஒரு ஆள் மெசினோடு நிற்பான், தள்ளி இன்னொரு ஆள் நிற்பான், நடுவில் 15 மீற்றர் என்று எழுதியிருக்கும். மெசினின் தண்டில்கூட இந்தப் படத்தைச் சின்னதாக ஒட்டியிருப்பார்கள். 15 மீற்றர் என்றால் 50 அடி. நம்முடைய வீ.பி. தேயிலை நாலு அடிக்கு இரண்டு அடி என்று நட்டது. நாலு அடி நிரையென்றால் ஐம்பது அடிக்குப் பன்னிரண்டரை நிரை. பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி பெண்சாதி நின்றது எட்டாவது நிரையில். லயத்தில் என்றால் நாலைந்து காம்பிரா நீளம். கோயில் திருவிழாவுக்கு முன்னால் லயத்தைச் சுற்றிப் புல் வெட்டும்போது பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மெசின் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வருவது அவர்கள்தான்.

ஐம்பது அடிக்கு அப்பால் கல் வரவே வராது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதற்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆகவே ஒரே மலையில் ஒரே நேரத்தில் கொழுந்தும் மெசினும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். பிரட்டில் வேலை பிரிக்கும்போதே இதைக் கேளுங்கள். "அந்த மலையில் மெசின் ஓடுது ஐயா, நாங்க தொங்கல்ல இருந்து எடுத்துட்டு வாறோம்" என்று சொல்வதற்கு யாரும் பேரை வெட்ட முடியாது. வெட்டினால் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் எதற்கு இருக்கிறது? மெசின்காரத் தம்பிமாரே, உங்களுக்கும்தான். யாராவது பக்கத்தில் வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு கதையுங்கள். விசையை விட்ட பிறகும் தலை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், அம்மாமார் இதை நன்றாகக் கேட்க வேண்டும். வெறும் தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். ஆனால் மெசின் பக்கத்தில் நின்றபோது ஏதோ வேகமாக வந்து அடித்தது என்றால், வெளியில் ஒன்றுமே தெரியாவிட்டாலும், உள்ளே இறங்கியிருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, கழுவக் கூடாது. எதையாவது குத்திக்கொண்டு நிற்பது தெரிந்தால் பிடுங்கக் கூடாது. தாய்ப்பாலும் வேண்டாம், நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம். கடையில் வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். யோகட் கப் ஒன்றைக் கழுவித் துடைத்து, கண்ணின் மேல் கூடாரம் மாதிரிக் கவிழ்த்து, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் இருக்கும்படி பிளாஸ்டர் ஒட்டுங்கள். கப் கண்ணைத் தொடக் கூடாது. சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல், ஏனென்றால் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம், அதே மணித்தியாலத்தில் கண் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்பென்சரியில் மருந்து விட்டு நாளைக்குப் பார்ப்போம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாகனம் கேட்டு நில்லுங்கள்.

இனி மெசின் பிடிக்கிறவர்களுக்கு. கண்ணாடிக்கு ஆவி பிடிக்கிறது என்றேன். அதற்கு நான் கண்ட வழி, உள்பக்கத்தில் ஒரு சொட்டுச் சவர்க்காரத்தைத் தடவி, தண்ணீர் படாமல் காய்ந்த துணியால் தெளிவாகும் வரைக்கும் துடைத்துவிடுவது. காலையில் ஒரு தடவை செய்தால் வெகுநேரம் ஆவி பிடிக்காது. வலை போட்ட முகமூடிக்கு ஆவி பிடிக்காதுதான், ஆனால் சின்னத் துணுக்கு வலைக்குள்ளால் வந்துவிடும். அதனால் முகமூடி போட்டாலும் உள்ளே கண்ணாடி வேண்டும்.

மெசினைத் தொடுவதற்கு முன்னால் வெறுங்கையோடு மலைக்குள் ஒரு சுற்று நடவுங்கள். கல், போத்தல் துண்டு, கம்பி, கவ்வாத்துக் கட்டை எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளி வையுங்கள். அதைவிட முக்கியம், குளவி. தேயிலைக்குள்ளும் கான் ஓரத்து மரத்திலும் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு மெசின் சத்தம் பழகிவிட்டது, குளவிக்குப் பழகவில்லை. அதிர்ச்சி பட்டால் கிளம்பிவிடும். காதில் மூடி போட்ட மெசின்காரனுக்குக் குளவி இரைச்சலும் கேட்காது, "ஓடு" என்று கத்துகிற சத்தமும் கேட்காது. குளவி கொட்டி எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறோம், உங்களுக்கே தெரியும். கூடு கண்டால் குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டு இறங்கி வாருங்கள். அதைக் கலைப்பது மெசின்காரன் வேலை இல்லை.

இதனால்தான் நான் எப்போதும் கேட்கிறேன், ஒரு மெசினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெட்ட, மற்றவர் ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஆள் மாறலாம். "சும்மா நிற்கிறவனுக்கு எதுக்குப் பேர்?" என்று ஒரு தோட்டத்தில் கேட்டார்கள். அவன் சும்மா நிற்கவில்லை. கொழுந்துக்காரர்கள் இறங்கி வந்தால் மறிக்கிறவன் அவன், வெட்டுகிறவன் சறுக்கி விழுந்தால் ஓடிப்போகிறவனும் அவன்தான். மெசின்காரனைக் கூப்பிட வேண்டுமானால் பின்னால் போய்த் தோளில் தட்டாதீர்கள், அவன் மெசினோடு திரும்புவான். முன்னால், தூரத்தில் நின்று கையை வீசுங்கள்.

நூல் தீர்ந்துவிட்டால் வேறு எதையும் மாட்டாதீர்கள். மின்சாரக் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி மாட்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லில் பட்டு அந்தக் கம்பி ஒரு துண்டு உடைந்தால் துவக்குக் குண்டு மாதிரி. சங்கிலித் தலையும் அப்படித்தான். ஐரோப்பிய நாடுகளில் சங்கிலி போல இரும்புத் துண்டுகளைக் கோத்த தலைகளைக் கையில் பிடிக்கும் மெசின்களுக்கு விற்கக் கூடாதென்று 2012இல் தடையே போட்டார்கள். காய்ந்து போன நைலோன் சீக்கிரம் முறியும். முதல் நாள் இரவு நூலை ஒரு வாளித் தண்ணீரில் ஊற விட்டால் பழையபடி வளைந்து கொடுக்கும். காசு செலவில்லாத வைத்தியம்.

இரும்பு பிளேட் என்பது வேறு சாமான். தடித்த தண்டுக்கும் காட்டுச் செடிக்கும் அது வேண்டும், கல்லுள்ள இடத்தில் கூடாது. பிளேட்டை ஒரு மணிக்கூட்டு முகம் என்று நினையுங்கள், நீங்கள் நிற்கிற பக்கம் 6. வழக்கமான மெசின் மேலிருந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றும். அப்படிச் சுற்றுகிற பிளேட்டின் 12க்கும் 3க்கும் நடுவில் கட்டையோ கல்லோ பட்டால் மெசின் முழுவதும் பக்கவாட்டில் துள்ளி அடிக்கும். சரிவில் அந்தத் துள்ளல் ஆளையே விழுத்திவிடும். அந்தப் பக்கத்தால் வெட்டாதீர்கள். சரிவில் மேலும் கீழுமாக இறங்கி வெட்டாமல், கான் போகிற வாக்கில் குறுக்காகவே நடந்து வெட்டுங்கள். மழை பெய்து மண் வழுக்கும்போது இறக்கி வைத்துவிடுங்கள், புல் நாளைக்கும் அங்கேயேதான் நிற்கும். தலையில் புல் சுற்றினால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெதுவாக ஓடுகிறது என்று கை வைத்த ஆளின் விரலை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இளந்தேயிலைக்குள் நூல் மெசினே வேண்டாம் என்பது என் எண்ணம். புல்லை அறுக்கிற நூல் கன்றின் தூர்ப் பட்டையையும் உரிக்கும். சுற்றிவரப் பட்டை போன கன்று பிழைக்காது. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, மீதியைக் கையால் பிடுங்குங்கள். பெண்கள் கை பட்டால் கன்றுக்கு நோவதில்லை.

காதுக்கு மூடி, கைக்கு ஓய்வு. பக்கத்தில் நிற்பவரோடு கத்திக் கதைக்க வேண்டிய அளவுக்குச் சத்தம் இருந்தால் அது காதைத் தின்கிறது என்று அர்த்தம். மெசினின் அதிர்வு விரல் நரம்பைத் தின்கிறது. காலைக் குளிரில் என் விரல் நுனி வெளுத்து, மரத்துப்போகிறது. சேட் பொத்தானைப் போட மகள் உதவி செய்கிறாள். உங்களுக்கு அப்படி வெளுக்கத் தொடங்கினால் அது குளிர் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், ஆரம்பத்தில் நிறுத்தினால் கூடாது போய்விடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விசயம். இந்த மெசினுக்குப் பெற்றோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. அந்த எண்ணெயில் சாயம் போட்டிருப்பார்கள், கலந்தவுடன் சிவப்பாகவோ பச்சையாகவோ கலர் சோடா மாதிரித்தான் இருக்கும். அதைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் காம்பிராவுக்குள் அடுப்புப் பக்கத்தில் வைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. நெருப்பு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தாகத்துக்கு எடுத்துக் குடித்தால் என்ன செய்வீர்கள்? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எடுக்கும்போது நெஞ்சுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மலையிலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊற்றின இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

காப்புத் தகட்டைப் பற்றிக் கடைசியாக. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஸ்டோருக்குப் பின்னால் போய்த் தேடினேன். மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. கழுவி, மாட்டினேன். மேசையில் இருக்கிற இந்த மெசினில் மாட்டியிருப்பது அதே தகடுதான். மெசின் பழுதாகிவிட்டது, இரண்டு தடவை மாற்றினேன், தகட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இதில் பாருங்கள், எத்தனை தழும்பு. ஒவ்வொரு தழும்பும் ஒரு கல். அன்றைக்கு வந்த கல்லை இது மறித்திருக்குமா என்று என் தம்பி கேட்டான். தகடு நம் காலைத்தான் காக்கும், தூரத்தில் நிற்பவரை முழுதாகக் காக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நூலை அவ்வளவு நீளத்துக்கு நான் விட்டிருக்க முடியாது. அந்தப் பதிலை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, வாய்ப்பேச்சு போதும், வெளியே கோயில் பக்கத்துப் புல்லில் ஓட்டிக் காட்டுகிறேன். இதோ ஒரு கயிறு கொண்டுவந்திருக்கிறேன், சரியாக ஐம்பது அடி. மெசின் நிற்கிற இடத்தில் ஒரு முனை. மற்ற முனையைத் தம்பி நீ பிடி, இழு, இன்னும் இழு. அந்த மாமரம் வரைக்கும் போகிறதா? நல்லது. எல்லோரும் மாமரத்துக்கு அந்தப் பக்கம். கைக்குழந்தைக்காரர்கள் இன்னும் தள்ளி, படிக்கட்டில் உட்காருங்கள். மதில் மேல் ஏறியிருக்கிற பொடியன்மாரே, இறங்குங்கள். நீங்கள் இறங்கும் வரைக்கும் நான் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண மாட்டேன்.